யானைகளுக்குத் தண்ணீர் இறைப்பவர்கள்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார் வள்ளுவப் பெருந்தகை. இறைவனுக்கு அடுத்த இடத்தை மழைக்கு ஏன் கொடுத்தார் என்பது, கோடையில் குடத்துடன் வரிசையில் நின்றவர்களுக்கு நன்றாகவே விளங்கும். மனிதனாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடலாம். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்கலாம். நகராட்சிக்கு மனு எழுதலாம். வாயில்லாப் பிராணிகள் என்ன செய்யும்? காட்டில் குட்டை வற்றினால் அவை யாரிடம் போய் முறையிடும்?

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில், ஜிம்பாப்வே நாட்டில், ஹுவாங்கே தேசியப் பூங்கா என்று ஒரு பெரிய காடு இருக்கிறது. அங்கே வாழும் யானைகளுக்கு மனிதர்கள் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறார்கள். அதற்கு வேண்டிய பணத்தில் பெரும்பங்கு நன்கொடையாக வருகிறது. வேலையில் ஒரு பங்கைச் சம்பளம் வாங்காத தொண்டர்கள் செய்கிறார்கள்.

இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வகுப்பில் சொன்னபோது, என் அருகில் அமரும் தோழி என்னைக் கேட்டாள்: "ஏண்டி, எங்கள் வீட்டுக்கே நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. மனுஷருக்கே இல்லாதபோது யானைக்குத் தண்ணீர் இறைக்கப் பணம் அனுப்புகிறார்களா?" அவள் கேலியாகக் கேட்கவில்லை; உண்மையாகவே கேட்டாள். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையை எழுதி முடிப்பதற்குள் அவளுக்கு ஒரு பதில் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆறில்லாக் காடு

ஹுவாங்கே பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 14,650 சதுர கிலோ மீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஜிம்பாப்வேயின் பூங்காக்களுள் இதுவே மிகப் பெரியது. மேற்கே போட்ஸ்வானா நாட்டின் எல்லை. யானை, காட்டெருமை, சிங்கம், ஒட்டகச் சிவிங்கி, வரிக்குதிரை, பலவகை மான்கள், உடலெல்லாம் வண்ணத்தைத் தெளித்தாற்போன்ற காட்டு நாய்கள் என்று எண்ணற்ற உயிர்களுக்கு அது வீடு.

இத்தனை பெரிய காட்டின் பெரும்பகுதியில், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை! தெற்கும் மேற்கும் கலகாரிப் பாலைவனத்து மணல் படிந்த நிலம். நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரை மழை பெய்யும். பெய்த நீர் ஆங்காங்கே தட்டையான பள்ளங்களில் தேங்கும். மழை நின்றபின் வெயில் ஏற ஏற அக்குட்டைகள் சேறாகி, பிறகு வெடித்த மண்ணாகிவிடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வெயில் உச்சத்தில் இருக்கும். குட்டைகளில் நீர் இராது.

பழங்காலத்தில் விலங்குகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. மழைக்காலத்தில் இங்கே வரும்; வறண்ட காலத்தில் நீர் உள்ள இடம் தேடி வெகுதூரம் நடந்துவிடும். எல்லைக்கோடும் வேலியும் அன்று இல்லை. இன்றோ வழியில் ஊர்களும் வயல்களும் இரயில் பாதையும் சாலைகளும் உள்ளன. பழைய வழித்தடங்கள் பல அடைபட்டுவிட்டன.

ஓர் இளைஞரின் திட்டம்

1928-இல் இந்த நிலம் விலங்குகளுக்கென ஒதுக்கப்பட்டபோது, அதன் முதற் காப்பாளராக டெட் டேவிசன் என்பவர் அமர்த்தப்பட்டார். அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. காட்டைச் சுற்றிப் பார்த்த அவர், விலங்குகள் இங்கே தங்க வேண்டுமானால் முதலில் தண்ணீர் வேண்டும் என்று கண்டுகொண்டார். 1930-களில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. முதலில் காற்றாடிகளும், பிறகு டீசல் என்ஜின்களும் நிலத்தடி நீரை இறைத்துக் குட்டைகளை நிரப்பின. திட்டம் பலித்தது. தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த யானைகள் பெருகின. இன்று அப்பூங்காவில் சுமார் 45,000 யானைகள் இருப்பதாகக் கணக்கிடுகின்றனர்.

இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு செய்தியும் உண்டு. அந்நாளில் நாட்டை ஆண்டவர்கள் ஆங்கிலேயர். காட்டை விலங்குகளுக்கென்று வகுத்தபோது, காலங்காலமாக அங்கே வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த சான் இன மக்களை அவர்கள் வெளியேற்றினர். அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பூங்காவின் எல்லைக்கு வெளியே ஏழைகளாக வாழ்கின்றனர். காட்டைக் காப்பாற்றிய கதையைச் சொல்லும்போது இவர்களை மறப்பது நியாயமன்று.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கொடுத்ததால்தான் யானைகள் பெருகின. பெருகிய யானைகள் மரங்களை முறித்து, காட்டையே மாற்றத் தொடங்கின. ஆகவே ஒரு காலத்தில் அரசாங்கமே யானைகளைச் சுட்டு எண்ணிக்கையைக் குறைத்தது. 1980-களில் அது நிறுத்தப்பட்டது. இன்று பம்புகளை நிறுத்திவிட்டால் பல்லாயிரம் யானைகள் சாகும். இறைத்துக்கொண்டே இருந்தால் யானைகள் மேலும் பெருகும். ஓர் உதவியைத் தொடங்குவது எளிது. அதன் பின்விளைவுகளைச் சுமப்பது அவ்வளவு எளிதன்று.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

வளர்ந்த யானை ஒன்று வெயில் நாளில் 200 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். நம் வீட்டு எவர்சில்வர் குடம் ஒன்று 15 லிட்டர் கொள்ளும் என்றால், ஒரு யானைக்கு நாளொன்றுக்குப் பதின்மூன்று குடத்துக்கு மேல் வேண்டும். 45,000 யானைகளும் இந்த அளவு குடித்தால் ஒரு நாளைக்கு 90 இலட்சம் லிட்டர்! கன்றுகள் குறைவாகக் குடிக்கும். எல்லா யானையும் ஒரே இடத்துக்கு வருவதில்லை. எனவே உண்மைக் கணக்கு இதைவிடக் குறையலாம். ஆயினும் வேலையின் அளவு நமக்குப் புரிகிறதல்லவா?

முன்பெல்லாம் எல்லாம் டீசல் என்ஜின்கள்தாம். ஒவ்வொரு பம்பின் அருகிலும் ஒரு காவலர் தங்கியிருப்பார். என்ஜினை ஓட்டுவதும், எண்ணெய் மாற்றுவதும், பழுது பார்ப்பதும் அவர் வேலை. மணற்பாதையில் பீப்பாய் பீப்பாயாக டீசல் கொண்டுபோக வேண்டும். நாட்டில் பணமுடையும் எரிபொருள் பஞ்சமும் வந்தபோது என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

இப்போது பல இடங்களில் சூரிய ஒளித் தகடுகள் வந்துவிட்டன. வெயிலே எரிபொருள்! தண்ணீர் மிகவும் வேண்டிய காலத்தில்தான் வெயிலும் மிகுதியாக இருக்கிறது. ஆனால் இதிலும் ஒரு சங்கடம். சூரியன் பகலில் மட்டும் இருப்பான். யானைக் கூட்டங்களோ பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வருகின்றன. வந்தவை குட்டை முழுவதையும் உறிஞ்சிவிட்டால், மறுநாள் வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் சில இடங்களில் டீசல் என்ஜினையும் துணைக்கு வைத்திருக்கிறார்கள். மேலும், யானைக்குக் கலங்கிய நீரைவிடக் குழாயிலிருந்து வரும் தெளிந்த நீர்மேல் ஆசை அதிகம். குழாயின் வாயை நெருங்க ஒன்றையொன்று தள்ளும். சில வேளைகளில் குழாயையே பிடுங்கிவிடும். எனவே பம்பைச் சுற்றிக் காப்பு அமைப்பதும் ஒரு செலவு.

இறைக்கும் கைகள் யாருடையவை?

பூங்காவை நிர்வகிப்பது ஜிம்பாப்வே அரசின் பூங்கா ஆணையம். ஆனால் அந்த ஆணையம் பெரும்பாலும் தன் சொந்த வருமானத்திலேயே நடக்க வேண்டியுள்ளது. சுற்றுலாப் பயணிகள் செலுத்தும் கட்டணமே அதன் முக்கிய வரவு. 2020-இல் கொரோனாத் தொற்றால் பயணிகள் வராமல் போனபோது அவ்வரவும் விழுந்தது. விலங்குகளின் தாகம் மட்டும் குறையவில்லை. இந்த இடைவெளியைத்தான் நன்கொடையாளரும் தொண்டரும் நிரப்புகின்றனர்.

2005-இல் ஹுவாங்கேயில் கொடிய வறட்சி. பல பம்புகள் ஓடவில்லை, விலங்குகள் மடிந்தன. அதைக் கண்டு மனம் பொறாத சிலர் ஒன்றுகூடி 'ஹுவாங்கே நண்பர்கள்' என்னும் அறக்கட்டளையை அமைத்தனர். பம்புகளை ஓடவைப்பதே அவர்களின் தலையாய பணி. பூங்காவின் வடபகுதியில் 'பெஜானே' என்னும் அறக்கட்டளை தண்ணீர்ப் பணியுடன் காண்டாமிருகங்களைக் கண்காணிக்கவும் உதவுகிறது. பெஜானே என்பது அந்நாட்டு மொழியில் கருங்காண்டாமிருகத்தின் பெயர். அயல்நாட்டு நிறுவனங்களும், பூங்காவை ஒட்டி விடுதி நடத்துவோரும் கிணறு தோண்டவும் தகடு வாங்கவும் பணம் தருகின்றனர். நேரில் யானையைப் பார்த்தே இராத எத்தனையோ பேர் மாதந்தோறும் சிறு தொகை அனுப்புகின்றனர்.

இத்தனை செய்தும் இழப்பு இல்லாமலில்லை. 2019-இல் மழை தவறியபோது ஜிம்பாப்வேயின் காடுகளில் 200-க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன, ஹுவாங்கேயிலும் பல. 2023-இல் எல் நினோ என்னும் கடல் வெப்ப மாற்றத்தால் மழை பிந்தியது. அப்போது ஹுவாங்கேயில் சூரிய ஒளியால் இயங்கும் ஆழ்துளைக் கிணறுகள் நூற்றுக்கு மேல் இருந்தன. இருந்தும் குறைந்தது 100 யானைகள் மடிந்தன.

கிணறு இருந்தும் ஏன் சாக வேண்டும்? காரணம் இதுதான்: தண்ணீர் உள்ள குட்டையைச் சுற்றியே எல்லா விலங்குகளும் கூடும். அருகிலுள்ள புல்லும் இலையும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். பிறகு தீனி ஓரிடம், தண்ணீர் வேறிடம். இரண்டுக்கும் நடுவே நாள்தோறும் நெடுந்தூரம் நடக்க வேண்டும். பெரிய யானை நடந்துவிடும்; கன்று நடக்காது, கிழட்டு யானை நடக்காது, நோயுற்றதும் நடக்காது. முதலில் விழுபவை அவையே. கன்றை விட்டுப் போக மனமின்றித் தாய் தயங்கி நிற்குமாம். இருபத்திரண்டு மாதம் வயிற்றில் சுமந்த கன்றல்லவா?

முழுநிலவில் ஒரு கணக்கெடுப்பு

பணம் கொடுப்பது மட்டும் தொண்டு ஆகாது. ஹுவாங்கேயில் 1972-இல் தொடங்கிய ஒரு வழக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. வறண்ட காலத்தின் கடைசியில், செப்டம்பர் அல்லது அக்டோபர் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி, அந்நாட்டின் வனவிலங்குச் சங்கத்தைச் சேர்ந்த தொண்டர்கள் பூங்காவுக்கு வருகின்றனர். வங்கி ஊழியர், ஆசிரியர், ஓய்வு பெற்றவர், குழந்தைகளோடு வரும் பெற்றோர் என்று பலதரத்தார். சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொரு குட்டையின் அருகிலும் அமர்கின்றனர். இன்று நண்பகல் முதல் நாளை நண்பகல் வரை, இருபத்துநான்கு மணி நேரம், தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளை எண்ணிக் குறிக்க வேண்டும். எந்த விலங்கு, எத்தனை, எந்த நேரம், குட்டிகள் எத்தனை என்று ஏட்டில் பதிய வேண்டும். சத்தம் போடக் கூடாது, தூங்கவும் கூடாது. உணவும் பெட்ரோலும் அவரவர் செலவு.

பௌர்ணமி ஏன்? இரவிலும் கண் தெரிய வேண்டுமே! வறண்ட காலம் ஏன்? அப்போதுதான் விலங்குகள் வேறிடம் போகாமல் இக்குட்டைகளுக்கே வந்தாக வேண்டும். இந்தக் கணக்கில் குறையும் உண்டு. ஒரே யானை இரண்டு குட்டைகளில் குடித்தால் இருமுறை எண்ணப்படும். அன்று தாகமில்லாமல் வராத விலங்கு விட்டுப்போகும். கணக்கெடுக்கும் நாளுக்கு முன் மழை பெய்துவிட்டாலோ எண்ணிக்கை சரிந்துவிடும். ஆகவே, இது காட்டின் மொத்தத் தொகையைச் சொல்லாது. ஆனால் அதே இடத்தில், அதே முறையில், ஆண்டுக்கு ஆண்டு எண்ணும்போது எந்த இனம் கூடுகிறது, எந்த இனம் தேய்கிறது என்பது தெரியவரும். விஞ்ஞானிகளுக்கும் பூங்கா அதிகாரிகளுக்கும் அது பெரும் பயன் தருகிறது. கண்விழித்து அமர்ந்திருந்தவர்களுக்குச் சம்பளம், நிலவொளியில் யானைகள் வரிசையாக வந்து நீரருந்தும் காட்சிதான்!

பெயருள்ள சிங்கமும் பெயரில்லாத டீசலும்

2015-ஆம் ஆண்டு ஜூலையில் சிசில் என்னும் ஆண்சிங்கம் ஹுவாங்கேயின் எல்லைக்கு வெளியே ஓர் அமெரிக்க வேட்டைக்காரரால் கொல்லப்பட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதன் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டி ஆராய்ந்து வந்தனர். செய்தி உலகமெங்கும் பரவியது, மக்கள் கொதித்தெழுந்தனர். சில வாரங்களில் அந்த ஆராய்ச்சிக் குழுவுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் நன்கொடை வந்து குவிந்தது.

இதை அறிந்தபோது முதலில் மகிழ்ந்தேன். பிறகு யோசித்தேன். இரண்டாண்டுகளுக்கு முன், 2013-இல், அதே பூங்காவில் தந்தத்துக்காகச் சயனைடு நஞ்சு வைத்து நூற்றுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றனர். அந்த யானைகளுக்கு உலகம் அறிந்த பெயர்கள் இல்லை. அவற்றுக்காக இவ்வளவு கண்ணீர் சிந்தப்பட்டதா? பெயரும் படமும் உள்ள ஒன்றுக்கு நம் மனம் உடனே இளகுகிறது. டீசல் பீப்பாய்க்கும், பம்பின் தோல் வளையத்துக்கும், காவலரின் காலணிக்கும் யாரும் உருகுவதில்லை. ஆனால் யானையை உயிரோடு வைத்திருப்பவை இவைதாம்.

நல்ல வேளையாக, அந்த ஆராய்ச்சிக் குழுவினர் சிங்கங்களை ஆராய்வதோடு நின்றுவிடவில்லை. பூங்காவை ஒட்டிய ஊர்களில் அவர்கள் 2012-இல் தொடங்கிய திட்டம் ஒன்று உண்டு. அந்தந்த ஊர் மக்களையே சிங்கக் காவலராக நியமிக்கின்றனர். பட்டை கட்டிய சிங்கம் ஊரை நெருங்கினால் காவலர்கள் மக்களை எச்சரித்து மாடுகளை ஓட்டிச் செல்லச் சொல்வர். பிறகு கால்பந்துப் போட்டிகளில் ஊதும் 'வுவுசெலா' என்னும் நீண்ட ஊதுகுழலை ஊதிச் சிங்கத்தைக் காட்டுக்குள் விரட்டுவர். இரவில் மாடுகளை அடைக்க, வெளியே இருந்து உள்ளே தெரியாத திரைத் தடுப்பினால் ஆன நகரும் பட்டிகளும் உண்டு. மாட்டைக் காணாத சிங்கம் பாய்வதில்லை. பட்டியை வயலில் இடம் மாற்றி மாற்றி அமைப்பதால் நிலத்துக்கு எருவும் கிடைக்கிறது. நம் ஊர் வயல்களில் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று!

கண்ணியிலிருந்து கலைப்பொருள்

காட்டின் மற்றோர் எதிரி கம்பிக் கண்ணி. பசிக்கு ஒரு மான் பிடிபடட்டும் என்று வைக்கும் கண்ணியில் காட்டு நாயும் சிக்கும், யானைக் கன்றின் துதிக்கையும் சிக்கும். வண்ணக் காட்டு நாய்கள் ஆப்பிரிக்கா முழுவதிலுமே இன்று சுமார் 6,600 தாம் எஞ்சியுள்ளன. அவற்றைக் காக்க ஹுவாங்கேக்கு அருகே ஒரு தொண்டு நிறுவனம் பணியாற்றுகிறது. அதன் காவற்குழுக்கள் நாள்தோறும் காட்டில் நடந்து கண்ணிகளை அகற்றுகின்றன. ஊர்களிலிருந்தும் தொண்டர்கள் சேர்ந்துகொள்கின்றனர். அகற்றிய கம்பியை வீணாக்காமல், அதையே முறுக்கிக் காட்டு நாய், யானை முதலிய உருவங்களாகச் செய்து கிராமத்துக் கைவினைஞர் விற்கின்றனர். கொல்ல வந்த கம்பி சோறு போடுகிறது!

அந்நிறுவனம் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆறாம் வகுப்புக் குழந்தைகளைச் சில நாள் இலவச முகாமுக்கு அழைத்து வருகிறது. நம்மைப் போன்றவர்கள் யானை என்றால் படத்தையும் கோயிலையும் நினைக்கிறோம். அக்குழந்தைகளில் பலருக்கோ யானை என்றால் சோளத்தை அழிப்பது, பள்ளிக்குப் போகும் வழியில் மறிப்பது, சில வேளை ஆளையே கொல்வது. காட்டு விலங்கை அச்சமின்றி அமைதியாகப் பார்க்கும் முதல் வாய்ப்பு அவர்களுக்கு அந்த முகாமில்தான் கிடைக்கிறதாம். அந்தச் செலவும் நன்கொடையே.

எல்லாத் தொண்டும் தொண்டாகுமா?

தொண்டு என்ற பெயரில் வாணிகமும் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சில பண்ணைகள், 'அநாதைச் சிங்கக்குட்டிகளைப் பாலூட்டி வளர்க்க வாருங்கள்' என்று அயல்நாட்டு இளைஞர்களிடம் பணம் பெற்று அழைத்தன. அக்குட்டிகள் அநாதைகள் அல்ல, தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை. வளர்ந்தபின் அவற்றில் பல, வேலிக்குள்ளேயே வேட்டைக்காரருக்கு விற்கப்பட்டன. இவ்வாறு சிங்கங்களை அடைத்து வளர்க்கும் தொழிலுக்கு முடிவுகட்டப் போவதாக 2021-இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. குட்டியை அணைத்துப் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் தீயவர்கள் அல்லர். அவர்களுக்கு நல்ல மனம் இருந்தது, விசாரித்து அறியும் பழக்கம் இருக்கவில்லை. கொடுக்கும் முன் கேட்க வேண்டும்: பணம் எதற்குச் செலவாகிறது? அந்த ஊர் மக்கள் அதில் பங்கு பெறுகிறார்களா? விலங்கு காட்டில் வாழ்கிறதா, கூண்டிலா?

தோழிக்குப் பதில்

இப்போது என் தோழியின் கேள்விக்கு வருகிறேன்.

2024-இல் ஜிம்பாப்வேயில் விளைச்சல் பொய்த்து, வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில், 200 யானைகளைக் கொன்று அவற்றின் இறைச்சியைப் பசித்த மக்களுக்கு வழங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. தொலைவில் இருந்தவர்கள் பலர் கண்டித்தனர். ஆனால் பசியால் வாடுகிறவரிடம் போய் 'யானை அழகானது' என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? அந்தச் செய்தியைப் படித்தபின் என் தோழியின் கேள்வி எனக்கு இன்னும் பாரமாகத்தான் இருந்தது.

ஆனால் சற்று ஆழ்ந்து பார்த்தால், மனிதரின் தாகமும் யானையின் தாகமும் இரண்டு வேறு பிரச்சினைகள் அல்ல என்பது தெரிகிறது. காட்டுக்குள் குட்டை வற்றினால் யானை ஊருக்குள் வரும், ஊர்க் கிணற்றைத் தேடும், வயலில் இறங்கும். அப்போது முதலில் பாதிக்கப்படுவது ஏழையின் குடமும் ஏழையின் சோளமும்தான். காட்டில் தண்ணீர் இருந்தால் ஊரிலும் ஓரளவு அமைதி இருக்கும். மேலும் அங்கே நல்ல தொண்டு நிறுவனங்கள் யானைக் குட்டையோடு நிறுத்திக்கொள்வதில்லை. கிராமங்களிலும் கிணறு தோண்டிக் காய்கறித் தோட்டம் போட உதவுகின்றன. யானைக்குக் கொடுத்துவிட்டு மனிதரை மறக்கும் தொண்டு நிலைக்காது. அம்மக்கள் மனம் வைக்காமல் எந்தக் காடும் பிழைக்காது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று அறிவுறுத்தியதும் இதனால்தான்.

அதே வேளையில், தண்ணீரால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யானைகள் மீண்டும் நடந்து போக வழி வேண்டும். அங்கோலா, போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகள் 2011-இல் உடன்படிக்கை செய்து, தம் காடுகளை இணைத்து ஒரே காப்பு நிலமாக்க முயல்கின்றன. 2022-இல் விமானத்தில் பறந்து எண்ணியபோது அந்நிலப்பகுதியில் சுமார் 2,27,900 யானைகள் இருப்பதாகத் தெரிந்தது. எல்லைக்கோடு தெரியாத அந்த யானைகளுக்குப் பழைய பாதைகள் திறக்குமானால், ஒரே குட்டையை அவை நம்பியிருக்கும் நிலை குறையும். அது நெடுநாள் வேலை. அதுவரை பம்பு ஓடியாக வேண்டும்.

என் சொந்தக் கதை

கடைசியாக ஒன்று சொல்கிறேன். சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் எங்கள் வகுப்பினர் மொட்டை மாடியில் பறவைகளுக்காக மண்சட்டிகளில் தண்ணீர் வைத்தோம். முதல் வாரம் போட்டி போட்டுக்கொண்டு ஊற்றினோம். குருவியும் மைனாவும் காகமும் வந்தன. கைதட்டி மகிழ்ந்தோம். ஏப்ரலில் தேர்வு வந்தது. சட்டிகளுக்கு நான்தான் பொறுப்பு. இன்று போகலாம், நாளை போகலாம் என்று இருந்துவிட்டேன். தேர்வு முடிந்து மாடிக்குப் போனபோது சட்டிகள் காய்ந்து வெடித்திருந்தன. ஒரு மைனா வந்து விளிம்பில் அமர்ந்து, உள்ளே பார்த்துவிட்டு, பறந்து போயிற்று. என்னை யாரும் திட்டவில்லை. ஆனாலும் அன்று எனக்கு அழுகை வந்தது.

ஹுவாங்கேயைப் பற்றி அறிந்தபோதெல்லாம் அந்த மைனாதான் என் கண்முன் நின்றது. தண்ணீர் வைப்போம் என்று ஒருமுறை காட்டிவிட்டால், அந்த உயிர் நம்மை நம்பி வரும். அதன்பின் நிறுத்துவதற்கு நமக்கு உரிமை குறைவு. 2005-இல் பம்புகள் நின்றபோது அங்கே நடந்ததும் அதுவே, அளவுதான் பெரிது. ஆலயத்தில் காணிக்கை போட்ட ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை நம் ஆண்டவர் பாராட்டினார். அவளைப் போல நாள் தவறாமல் சிறிதளவு கொடுப்பவர்களால்தான் அந்தப் பம்புகள் இன்றும் ஓடுகின்றன.

அன்புத் தோழியரே! ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பௌர்ணமியில் யானை எண்ணும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்குமோ தெரியாது. ஆனால் மொட்டை மாடியும் மண்சட்டியும் நம்மிடம் இருக்கின்றன. இவ்வாண்டு பொறுப்பை ஒருவரிடம் விடாமல், நாளுக்கு ஒருவர் என்று பெயர்ப்பட்டியல் எழுதிக் கரும்பலகையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறோம். தேர்வு நாள்களுக்கும் கோடை விடுமுறைக்கும்கூட அதில் பெயர் உண்டு. வீட்டுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என் தோழி, தானாகவே ஏப்ரல் மாதத்தில் இரண்டு நாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "ஒரு சொம்புத் தண்ணீர்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.